முதலாளி வராத மேல்முறையீடு

ஆஸ்திரேலியாவின் நிர்வாக மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தைக் கலைக்கப்போவதாக 2022 டிசம்பரில் அறிவித்தபோது, அட்டர்னி ஜெனரல் மார்க் டிரைஃபஸ் முன்வைத்த முக்கியமான குற்றச்சாட்டு நியமனங்களைப் பற்றியது. முந்தைய ஆட்சி லிபரல் கட்சியின் முன்னாள் எம்.பி.க்கள், தோற்ற வேட்பாளர்கள், கட்சிக்கு வேண்டியவர்கள் என 85 பேர் வரை அங்கே உட்கார வைத்தது என்றார். 1976இல் இயங்கத் தொடங்கிய அமைப்பு அப்படித்தான் முடிவுக்கு வந்தது. 2024 அக்டோபர் 14 முதல் நிர்வாக மறுஆய்வுத் தீர்ப்பாயம் என்ற புதிய பெயரில், திறமை அடிப்படையில் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களோடு வேலை நடக்கிறது.

நியமன ஊழலைக் களைந்தது நல்ல காரியம். ஆனால் முதலாளி ஸ்பான்சர் செய்யும் வேலை விசா மறுக்கப்பட்டு, அதை எதிர்த்துத் தீர்ப்பாயத்துக்கு வருகிறவரைப் பொறுத்தவரை இந்தச் சீர்திருத்தம் தொடாத இடத்தில்தான் கோளாறு இருக்கிறது. உறுப்பினர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், எவ்வளவு பொறுமையாகக் கேட்டாலும், இந்த வழக்குகளில் பெரும்பகுதி கேட்பதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. அதற்குக் காரணம் சட்டம் போட்டிருக்கும் கட்டமைப்பு. அதைத்தான் இங்கே எடைபோட வேண்டும்.

கட்டமைப்பு இப்படி. 482 என்ற தற்காலிக விசாவுக்கு மூன்று தனித்தனித் தீர்மானங்கள் வேண்டும். ஸ்பான்சராக இருக்க நிறுவனத்துக்குத் தகுதி உண்டு என்பது முதலாவது. இன்ன பதவிக்கு, இன்ன சம்பளத்தில், இன்ன ஆளை எடுக்கிறோம் என்று நிறுவனம் கொடுக்கும் நாமினேஷன் இரண்டாவது. மூன்றாவதாக வருவதே தொழிலாளியின் விசா. 186 போன்ற நிரந்தர விசாக்களில் முதல் படி கிடையாது. நாமினேஷனும் விசாவும் மட்டும். இவை ஒவ்வொன்றும் தனி விண்ணப்பம். மறுக்கப்பட்டால் வெவ்வேறு மேல்முறையீடுகள். நாமினேஷன் மறுக்கப்பட்டால் அதை எதிர்த்துத் தீர்ப்பாயத்துக்குப் போகும் உரிமை நாமினேஷன் போட்ட நிறுவனத்துக்கு மட்டுமே. யாருடைய வாழ்க்கை அந்தத் தாளில் தொங்குகிறதோ அவர் அந்த வழக்கில் ஒரு தரப்பே அல்ல.

நாமினேஷன் விழுந்தால் விசாவும் விழும். குடிவரவைக் கவனிக்கும் அரசுத் துறையிலிருந்து தொழிலாளிக்கு வரும் மறுப்புக் கடிதத்தில், உங்கள் நாமினேஷன் ஏற்கப்படவில்லை, ஆகவே விசா நிபந்தனை நிறைவேறவில்லை என்ற ஒற்றைக் காரணம்தான் இருக்கும். நாமினேஷன் ஏன் மறுக்கப்பட்டது என்ற விளக்கம் முதலாளிக்குப் போன கடிதத்தில் இருக்கிறது. முதலாளி காட்டினால் பார்க்கலாம்.

தீர்ப்பாயம் செய்யும் நல்ல வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது உண்மையிலேயே நல்ல வேலை. முதலாளி மேல்முறையீட்டுக்கு வந்து, அந்தப் பதவி உண்மையானதுதானா என்பது கேள்வியாக இருக்கும்போது தீர்ப்பாயத்தின் பலம் தெரிகிறது. உணவகங்களை எடுத்துக்கொள்ளுங்கள். சமையற்காரர், உணவக மேலாளர் ஆகிய தொழில்களுக்கு ஒரு விலக்கு உண்டு: துரித உணவுக் கடை, பார்சல் கடை, மேசையில் பரிமாறாத பீட்சா கடை, சிறு காபிக் கடை போன்றவற்றுக்கு இந்தத் தொழில்களில் நாமினேஷன் செல்லாது. துறை அதிகாரி இதைப் பெரும்பாலும் காகிதத்தை வைத்தே தீர்மானிக்கிறார். தீர்ப்பாயத்தில் உறுப்பினர் கடை முதலாளியை நேரில் கேட்கிறார். எத்தனை பேர் உட்காரலாம், மெனுவில் என்ன இருக்கிறது, அடுப்படியில் எத்தனை பேர், சாம்பாரைச் சமைக்கிறவர் யார், சூடாக்குகிறவர் யார் என்று கேள்விகள் நீளும். வரிக் கணக்கு, சம்பளச் சீட்டு, நிறுவனத்தின் பணியாளர் அமைப்பு வரைபடம் எல்லாம் மேசைக்கு வரும். துறையின் சார்பில் வாதாட பொதுவாக யாரும் வருவதில்லை; விசாரிப்பதும் தீர்மானிப்பதும் உறுப்பினரே. துறையின் முடிவு சரியா என்று மட்டும் அவர் பார்ப்பதில்லை. எல்லாவற்றையும் புதிதாக, இன்றைய தேதியில் உள்ள ஆதாரத்தை வைத்து மறுபடியும் தீர்மானிக்கிறார். வேறு பல நாடுகளின் குடிவரவு முறைகளில் இந்த அளவு முழுமையான மறுஆய்வு கிடைப்பதில்லை. பிறகு விரிவாகக் குறைசொல்லப் போவதால் இதைக் குறைத்துச் சொல்லக் கூடாது.

தீர்ப்பாயம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கான அளவுகோலைக் கொடுத்ததும் திறன்சார் விசா வழக்கு ஒன்றே. லி வழக்கு என்று சட்ட மாணவர்கள் எல்லாரும் படிப்பது. அது ஸ்பான்சர் விசா அல்ல, ஆனால் தொழில் சமையற்காரர்தான். அவருடைய தொழில்திறன் மதிப்பீட்டில் பிழை இருப்பதாகச் சொல்லி, அது திருத்தப்படும்வரை காத்திருக்கும்படி அவர் தரப்பு கேட்டது. அன்றைய குடிவரவு மறுஆய்வுத் தீர்ப்பாயம், கொடுத்த வாய்ப்பு போதும் என்று சொல்லி முடித்துவிட்டது. 2013 மே 8 அன்று உயர் நீதிமன்றம் (அங்கே அதுதான் உச்ச நீதிமன்றம்) அந்த மறுப்பு நியாயமான எந்த விளக்கத்துக்கும் அடங்காதது என்று கண்டது. தவணை கொடுக்கும் அதிகாரத்தை நியாயமாகப் பயன்படுத்த வேண்டும், காரணமில்லாமல் அவசரப்படக் கூடாது என்ற கொள்கை அங்கிருந்து ஆஸ்திரேலிய நிர்வாகச் சட்டம் முழுவதற்கும் பரவியது.

எனக்கு இந்த வழக்கில் பிடித்த அம்சம், காத்திருந்தால் ஏதாவது நடக்கும் என்ற நிலை அங்கே இருந்தது என்பதே. மதிப்பீடு திருந்தியிருக்கலாம். நிபந்தனை நிறைவேறியிருக்கலாம். ஸ்பான்சர் விசாக்காரர் கேட்கும் தவணையில் அந்தச் சாத்தியமே பல நேரங்களில் இல்லை.

சிங் வழக்கு அதைக் காட்டுகிறது. 2017இல் ஃபெடரல் நீதிமன்றத்தின் முழு அமர்வு தீர்த்தது. 187 என்ற பிராந்திய நிரந்தர விசாவைப் பற்றியது. அந்த விசா 2019 நவம்பரில் மூடப்பட்டுவிட்டாலும் அதன் விதியின் அமைப்பு 186இலும் இருக்கிறது. விசா விண்ணப்பத்தில் எந்த நாமினேஷன் குறிப்பிடப்பட்டதோ அதே நாமினேஷன்தான் ஏற்கப்பட்டிருக்க வேண்டும் என்று நீதிமன்றம் விதியைப் படித்தது. இடையில் வேறொரு நிறுவனம் புதிதாக நாமினேஷன் போட்டு, அது ஏற்கப்பட்டிருந்தாலும் உதவாது. அதே முதலாளி, அதே பதவிக்கு, பிழையைத் திருத்தி மறுபடி போட்டாலும் உதவாது. விதியின் சொற்களை வைத்துப் பார்த்தால் அந்த வாசிப்பைத் தவறு என்று சொல்ல முடியாது. நீதிமன்றம் விதியை எழுதவில்லை.

அதன் விளைவைப் பாருங்கள். நிரந்தர விசா மறுக்கப்பட்டவருக்குத் தீர்ப்பாயத்துக்குப் போகும் உரிமை உண்டு. யாரும் தடுக்க மாட்டார்கள். சுமார் 3,500 டாலர் கட்டணம் கட்டி, அறிவிப்புக் கிடைத்த 28 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் நீட்டிக்க முடியாது. முதலாளி தன் நாமினேஷன் மறுக்கப்பட்டதை எதிர்த்து இன்னொரு விண்ணப்பம் போட்டு, இன்னொரு முறை அதே கட்டணம் கட்டியிருந்தால் ஒரு வழி உண்டு. முதலாளி போடவில்லை, அல்லது போட்டுவிட்டுத் திரும்பப் பெற்றுவிட்டார் என்றால் தொழிலாளியின் மேல்முறையீடு அன்றைக்கே தோற்றுவிட்டது. ஆனால் தோல்வி அறிவிக்கப்படப் பல ஆண்டுகள் ஆகும். அதற்கு முன் தீர்ப்பாயம் சட்டப்படி ஒரு கடிதம் அனுப்பும்: உங்கள் நாமினேஷன் ஏற்கப்படவில்லை, இது உங்களுக்குப் பாதகமான தகவல், இதைப் பற்றிக் கருத்துச் சொல்ல அழைக்கிறோம். இதற்கு என்ன கருத்துச் சொல்ல முடியும்? பட்டா இன்னொருவர் பேரில் இருக்கும் நிலத்துக்கு வரப்புத் தகராறில் வாக்குமூலம் கேட்பது மாதிரிதான் இது. பழைய தீர்ப்பாயங்களின் காலத்தில் இன்னொரு கூர்மையும் இருந்தது. அந்தக் கடிதத்துக்கு உரிய நாளுக்குள் பதில் போடாவிட்டால் நேரில் வந்து பேசும் உரிமை போய்விடும். தீர்ப்பாயம் விரும்பினாலும் அவரைக் கேட்க அதிகாரம் இல்லை என்று 2010இல் ஹஸ்ரான் வழக்கில் ஃபெடரல் நீதிமன்ற முழு அமர்வு சொன்னது.

தற்காலிக விசாவில் நிலைமை தலைகீழ். அங்கே தீர்ப்பாயத்துக்குள் நுழைவதற்கே நிபந்தனை உண்டு. குடிவரவுச் சட்டத்தின் 338ஆம் பிரிவு சொல்வது, தொழிலாளி மேல்முறையீடு போடும் நேரத்தில் அவருக்கு ஏற்கப்பட்ட நாமினேஷன் கையில் இருக்க வேண்டும், அல்லது அவருடைய முதலாளியின் மேல்முறையீடு நிலுவையில் இருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் தீர்ப்பாயத்துக்கு அதிகார வரம்பே இல்லை. ஆனால் எப்படியோ உள்ளே வந்துவிட்டால், குறைந்தபட்சம் 482க்கு முன் இருந்த 457 விசாவின் விதியில், பின்னர் கிடைத்த வேறொரு நாமினேஷனையும் கணக்கில் எடுக்க இடம் இருந்தது. அந்த விதி குறிப்பிட்ட ஒரு நாமினேஷனைக் கட்டிப்போடவில்லை. அதாவது, பிழைக்க வழியுள்ளவரை வாசலிலேயே நிறுத்துகிறது சட்டம். பிழைக்க வழியில்லாதவரைக் கட்டணம் வாங்கிக்கொண்டு உள்ளே விடுகிறது. இந்த முரண்பாட்டுக்கு யாரும் கொள்கை விளக்கம் கொடுத்து நான் படித்ததில்லை. வெவ்வேறு ஆண்டுகளில் வெவ்வேறு கைகள் எழுதிய விதிகள் இப்படி வந்து சேர்ந்திருக்கின்றன என்பதைத் தவிர வேறு விளக்கம் இருக்கும் என்றும் தோன்றவில்லை.

காலதாமதம் இதில் வெறும் நிர்வாகச் சிக்கல் அல்ல. பழைய தீர்ப்பாயத்தில் குடிவரவு, அகதி வழக்குகளின் தேக்கம் ஐம்பதாயிரத்தைத் தாண்டியிருந்த ஆண்டுகளில் இரண்டு மூன்று வருடக் காத்திருப்பு சாதாரணம். எல்லாவற்றையும் தீர்ப்பு நாளில் உள்ள நிலையை வைத்துத் தீர்மானிப்பது என்ற முறை, நான் மேலே பாராட்டிய அதே முறை, இங்கே கத்தியின் மறுபக்கத்தைக் காட்டுகிறது. நாமினேஷன் ஏற்கப்பட வேண்டுமானால் நிறுவனம் அன்றைக்கும் நடந்துகொண்டிருக்க வேண்டும். நிரந்தர விசாவுக்கு அந்தப் பதவி குறைந்தது இரண்டு வருடத்துக்கு இருக்க வேண்டும், அதற்குச் சம்பளம் கொடுக்கும் வசதியும் வேண்டும். துறை தவறாக மறுத்த நாளில் உணவகம் நன்றாக ஓடியிருக்கலாம். தீர்ப்பாயம் கேட்கும் நாளில் அது கைமாறியிருக்கும், அல்லது 2020இல் கொரோனா முடக்கத்தில் கதவடைத்திருக்கும். துறையின் பிழை அப்போது ஆராயப்படுவதே இல்லை. தாமதம் பிழையை விழுங்கிவிடுகிறது. தொழிலாளிக்கு வயதும் ஏறியிருக்கும்; விதிவிலக்குகள் நீங்கலாக 186 விசாவுக்கு 45 வயதுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பதால் புதிதாகத் தொடங்குவதும் பலருக்கு முடியாது. ஆஸ்திரேலியாவுக்குள் இருக்கும்போது விசா மறுக்கப்பட்டவர் உள்ளிருந்தபடி பெரும்பாலான விசாக்களுக்கு மறுபடி விண்ணப்பிக்க 48ஆம் பிரிவு தடை போடுகிறது. 2021 நவம்பரில் 190, 491, 494 ஆகிய மூன்று திறன்சார் விசாக்களுக்கு அந்தத் தடை தளர்ந்தது. 482, 186 இரண்டும் அந்தப் பட்டியலில் இல்லை.

தீர்ப்பாயத்துக்கு மேலே நீதிமன்றம் உண்டு, ஆனால் அது சட்டப் பிழையை மட்டுமே பார்க்கும். அமைச்சரின் தனி அதிகாரம் உண்டு, அதைப் பயன்படுத்தச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்த முடியாது. இரண்டையும் வழி என்று சொல்வதைவிட நம்பிக்கை என்று சொல்லலாம்.

இனி எதிர்வாதம். அது லேசானதல்ல.

ஸ்பான்சர் விசா என்பது ஒரு மனிதருக்குக் கொடுக்கும் பரிசு அல்ல, ஒரு வேலையிடத்தை நிரப்பும் ஏற்பாடு. முதலாளி விலகிய பின் அந்த வேலை இல்லை. இல்லாத வேலைக்குத் தீர்ப்பாயம் விசா கொடுக்க முடியாது, கொடுக்கவும் கூடாது. நாமினேஷன் வழக்கில் நிறுவனத்தின் வரவு செலவு, வரி விவரம், மற்ற ஊழியர்களின் சம்பளம் எல்லாம் பேசப்படும்; அதில் ஊழியரை ஒரு தரப்பாக உட்கார வைப்பது சங்கடமே. பணம் வாங்கிக்கொண்டு ஸ்பான்சர் செய்வது 2015 டிசம்பர் முதல் குற்றமாக இருக்கிறது என்றால், அதற்கு முன்னும் பின்னும் அது நடந்தது என்றுதான் பொருள். போலிப் பதவிகளும் கற்பனை அல்ல. எல்லாவற்றுக்கும் மேலாக, மேல்முறையீடு போட்டால் தீர்ப்பு வந்து 35 நாள்வரை பிரிட்ஜிங் விசா என்னும் இடைக்கால விசாவில் நாட்டில் இருக்கலாம். வெல்ல முடியாத வழக்கைப் போட்டு வருடங்களை வாங்குகிறார்கள் என்று துறை சொல்வது பொய் இல்லை. அப்படி ஆலோசனை சொல்லும் ஏஜென்ட்களை மேற்கு சிட்னியில் எந்தத் தமிழ்க் குடும்பத்தைக் கேட்டாலும் தெரியும்.

இந்த வாதங்களில் முதலாவதை அப்படியே ஏற்கிறேன். விருப்பமில்லாத முதலாளியின் மேல் எந்தத் தீர்ப்பாயமும் ஊழியரைத் திணிக்க முடியாது. ஆனால் அந்த வாதம் விருப்பமில்லாத முதலாளியோடு நின்றுவிடுகிறது. சிங் வழக்கின் விதி அடைத்தது விருப்பமுள்ள இரண்டாவது முதலாளியை. வேலை இருக்கிறது, ஆள் தேவை, நிறுவனம் தயார், நாமினேஷன்கூட ஏற்கப்பட்டுவிட்டது; ஆனால் விண்ணப்பப் படிவத்தில் எழுதிய எண் அது இல்லை. இதை வேலையிடத்தைக் காக்கும் ஏற்பாடு என்று எப்படிச் சொல்வது? ரகசிய வாதமும் எளிதாகத் தீரக்கூடியது: மறுப்பின் காரணத்தைத் தொழிலாளிக்குச் சொல்ல நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்தைத் திறக்க வேண்டியதில்லை.

காலம் வாங்குவதைப் பற்றிய வாதமோ தன் காலிலேயே சுட்டுக்கொள்கிறது. வெல்ல முடியாத மேல்முறையீட்டை உருவாக்கியது விண்ணப்பதாரர் அல்ல, விதி. உள்ளே போகும் உரிமையைக் கொடுத்து, வெல்லும் வழியை அடைத்து, காத்திருக்கும் காலத்துக்கு விசாவும் கொடுத்தால் மனிதர்கள் அந்தக் காலத்தைத்தான் எடுத்துக்கொள்வார்கள். குழந்தைகள் பள்ளியில் படித்துக்கொண்டிருக்கும் குடும்பம் வேறென்ன செய்யும்? பின்னர் அந்த வழக்குகள் தேக்கத்தில் சேர்ந்து, உண்மையிலேயே வெல்லக்கூடியவரின் வழக்கையும் பின்னுக்குத் தள்ளுகின்றன. அவர் காத்திருக்கும்போது அவருடைய முதலாளி கடையை விற்றுவிடுகிறார்.

அரசுக்கு இந்த நோய் தெரியாது என்று சொல்ல முடியாது. மார்ட்டின் பார்க்கின்சன் தலைமையில் குடிவரவு அமைப்பை ஆராய்ந்து 2023இல் வந்த அறிக்கையும், அதையொட்டி அந்த ஆண்டு டிசம்பரில் வெளியான அரசின் கொள்கை ஆவணமும் ஒரு விஷயத்தில் தெளிவாக இருந்தன: ஒரே முதலாளியை நம்பி விசா இருப்பதுதான் சுரண்டலுக்கு வழி. அதனால்தான் 2024 ஜூலை முதல், வேலையை விட்ட ஸ்பான்சர் விசாக்காரர் அடுத்த ஸ்பான்சரைத் தேட ஒரு தடவைக்கு 180 நாள் கொடுத்தார்கள். முன்பு அது 60 நாள். அதே ஆண்டு டிசம்பரில் 482 விசாவே புதிய பிரிவுகளோடு மாற்றி அமைக்கப்பட்டது. முதலாளியை மாற்றிக்கொள்ளும் சுதந்திரம் புதிய கொள்கையின் மையம். விசா கையில் இருக்கும்வரை அந்தச் சுதந்திரம் உண்டு. மறுக்கப்பட்டு மேல்முறையீட்டுக்கு வந்த நாளில் பழைய முதலாளியே மறுபடியும் எல்லாமாகிவிடுகிறார். நீ புகார் கொடுத்தால் என் மேல்முறையீட்டைத் திரும்பப் பெற்றுவிடுவேன் என்று அவர் சொன்னால், தொழிலாளிக்கு அதற்குப் பதில் இல்லை. கொள்கை ஆவணத்தை எழுதியவர்கள் 338ஆம் பிரிவைப் படிக்கவில்லையா, படித்தும் விட்டுவிட்டார்களா என்று எனக்குப் புரியவில்லை.

ஆகவே என் தீர்ப்பு இரண்டாகப் பிரிகிறது. முதலாளியும் தொழிலாளியும் சேர்ந்து வரும் வழக்கில் தீர்ப்பாயம் நம்பத்தக்க அமைப்பு. துறையின் மேசைத் தீர்மானங்களைவிட அது கண்டறியும் உண்மை மேலானது. தொழிலாளி தனியாக வரும் வழக்கில் அது மறுஆய்வு என்ற பெயருக்குத் தகுதியானதல்ல. அங்கே ஆய்வு செய்ய எதுவும் இல்லை. அந்தப் பழியை உறுப்பினர்கள்மேல் போடுவது நியாயமல்ல, புதிய தீர்ப்பாயத்தை உருவாக்கியவர்கள்மேல் போடலாம். நாற்காலிகளை மாற்றிய அளவுக்கு வாசலை மாற்றவில்லை அவர்கள்.

தொழிலாளியை நாமினேஷன் வழக்கில் முழுத் தரப்பாக்க வேண்டும் என்று சிலர் கேட்பது எனக்கு அதிகமாகப் படுகிறது. முதலாளி எதிர்க்கும் இடத்தில் அது பயன்படாது, ஒத்துழைக்கும் இடத்தில் அது தேவையில்லை. மறுப்பின் காரணத்தை அவருக்கும் அனுப்புவது, தீர்ப்பு நாளுக்குள் ஏற்கப்பட்ட எந்த நாமினேஷனையும் நிரந்தர விசாவில் ஏற்பது, நாமினேஷன் இல்லாததால் மட்டும் தோற்கும் வழக்குகளைத் தொடக்கத்திலேயே பிரித்து, குறித்த கெடு கொடுத்து முடிப்பது, இவை போதும். இப்போது வென்றவருக்குத்தான் பாதிக் கட்டணம் திரும்பக் கிடைக்கிறது. கெடுவுக்குள் தானே விலகுகிறவருக்கும் அதைக் கொடுத்தால் தேக்கம் குறையும். கொடுக்கும் பணத்தைவிட மிச்சமாகும் நேரம் பெரிது.

338ஆம் பிரிவைத் தொட வேண்டுமானால் நாடாளுமன்றம் போக வேண்டும். ஆனால் சிங் வழக்கில் நீதிமன்றத்தின் கையைக் கட்டிய சொற்கள் சட்டத்தில் இல்லை, 1994ஆம் ஆண்டு குடிவரவு விதிமுறைகளின் இரண்டாம் அட்டவணையில் இருக்கின்றன. அவற்றை மாற்ற மசோதா தேவையில்லை. ஒவ்வொரு ஆண்டும் சம்பள வரம்பையும் கட்டணத்தையும் திருத்தும் அரசு, அதே வழியில் இந்த ஒரு வரியையும் திருத்திவிடலாம்.